காரணம் எழுதுக

பெயரை இழுத்தாள். பெயர் நகர்ந்தது.

கடைசிக் கட்டத்தின்மேல் வந்து நின்றது. விரலை எடுக்க அஞ்சினாள். பழைய இடத்துக்கே திருப்பிக் கொண்டுபோய் விட்டாள்.

திரையில் ஐந்து பெயர்கள். ஐவரும் அவள் குழுவினர். ஐவரும் உழைத்தவர்கள். ஆயினும் ஐவரில் ஒருவரைக் கடைசிக் கட்டத்தில் வைத்தே தீரவேண்டும். வைக்கும்வரை ‘அனுப்பு’ என்னும் பொத்தான் சாம்பல் நிறத்திலேயே கிடக்கும். மாலைக்குள் அனுப்பாத குழுத்தலைவரின் பெயர் மேலிடத்துக்குப் போகும்.

யார் வகுத்த விதி இது? எவருக்கும் தெரியாது. ஆண்டுதோறும் வரும். ஆண்டுதோறும் ஓர் ஆளைக் கேட்கும்.

சென்ற ஆண்டு கனகவல்லிக்கு வேலை போனது. கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கீழே காவலரிடமே கழற்றிக் கொடுத்தாள். மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுக்கக்கூட அவளை மேலே விடவில்லை.

அந்த பாட்டில் இன்னும் அதே மேசையில் நிற்கிறது. ஒருவரும் தொடுவதில்லை.

நிறுவனம் கொடுத்தது, மறுப்பதற்கில்லை. குளிர்ந்த அறை கொடுத்தது. தெருமுனைக்கே வரும் பேருந்து கொடுத்தது. எந்தத் தெருவிலிருந்து வருகிறாய் என்று கேளாத மேசை கொடுத்தது. அப்பாவின் டயாலிசிஸுக்கு, மருத்துவமனையில் நீட்டுவதற்கு ஒரு காப்பீட்டு அட்டை கொடுத்தது.

அந்த அட்டையில்தான் அப்பா மூச்சு விடுகிறார்.

கொடுத்த கைதான் இப்போது கேட்கிறது.

தட்டாமலே கதவு திறந்தது. மரியசெல்வம். அவள் இழுத்துப் பார்த்த பெயர்.

மடிக்கணினியின் மூடியைப் பாதி இறக்கினாள்.

“உட்காரு செல்வம். காபி சொல்லட்டுமா?”

ஒருநாளும் அவள் அப்படிக் கேட்டதில்லை.

“காபியா? யக்கா, மெஷின் காபிய கழுவுன தண்ணின்னு ஏசுவியளே, இன்னைக்கு என்னாச்சு?” சிரித்தான். கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை மேசையில் வைத்தான். “ஊருக்குப் போயிருந்தேன். வீட்ல அவளுக்கு அடுத்த மாசம் பிரசவம். வெளிய ஒவ்வொருத்தனும் அப்ரைசல் அப்ரைசல்னு அரண்டு கெடக்கான். எனக்கென்ன பயம்? அதான் நீங்க இருக்கியள்லா.”

போய்விட்டான்.

மூடியை உயர்த்தினாள்.

மற்ற நால்வரும் ஏன் என்று கேட்பார்கள். இவன் கேட்கமாட்டான்.

இழுத்தாள். விரலை எடுத்தாள்.

வெறும் பெட்டி ஒன்று திறந்தது. ‘காரணம் எழுதுக.’

காரணத்தைத் தேடினாள். பிழை செய்தானா? இல்லை. தாமதித்தானா? இல்லை. விடுப்பில் திரிந்தானா? தங்கையின் திருமணத்தன்றும் பந்தலின் பின்னால் நின்று வேலையை முடித்துக் கொடுத்தவன்.

பெட்டி காத்திருந்தது.

எழுதினாள்: ‘பிறரை அளவுக்கு மீறி நம்பியிருக்கிறார்.’

பொத்தான் பச்சையானது.

அழுத்தினாள்.

பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மேலாளரின் அறைக்கு நடந்தாள். அனுப்பிவிட்டேன் என்று நேரில் சொல்லவேண்டும். அவரிடம் சொன்னால் நெஞ்சு அடங்கும். அவளை இந்த நாற்காலியில் அமர்த்தியவர் அவர். அவர் இருக்கும்வரை அவளுக்கு ஒன்றும் வராது.

கண்ணாடிக்கு அப்பால் அவர் முகத்தில் திரையின் வெளிச்சம். ஒற்றை விரல் எதையோ மெல்ல இழுத்துக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்தாள்.

மூடி பாதி இறங்கியது.

“வாம்மா, வா. உட்காரு. காபி சொல்லட்டுமா?”