தூக்கின கை

இளவரசி புகார் கொடுத்தது அதிகப்படி என்றுதான் எல்லோருக்கும் பட்டது.

உத்திரமேரூர் பக்கத்து கிராமப் பள்ளிக்கு பி.எட். பயிற்சிக்கு வந்தவர்கள் மூன்று பேர். நரேனும் விஷ்ணுப்ரியாவும் பாஸ். காலனிப் பெண் இளவரசி மட்டும் ஃபெயில். பள்ளியில் சாதி பார்த்து மார்க் போட்டார்கள் என்று அவள் எழுதிக்கொடுக்க, விசாரிக்க வந்தார் கல்லூரிப் பேராசிரியர் பஞ்சாட்சரம்.

"இன்னா பண்ணாங்க உன்னை? திட்டினாங்களா?"

"இல்ல சார். ஸ்டாஃப் ரூம்ல சேர் இல்லன்னு என்னை மட்டும் மரத்தடியில சாப்ட சொன்னாங்க. அவங்க ரெண்டு பேரும் உள்ளதான் சாப்ட்டாங்க."

"சோறு எங்க சாப்ட்டா இன்னாம்மா? மார்க்கு பாடம் நடத்துறதுக்குத்தானே?"

நியாயமான கேள்விதான். இந்த வருஷம் தேறாவிட்டால் ஒரகடத்துக் கம்பெனி வேலைக்கு வேன் ஏற வேண்டியதுதான் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

தன் எதிரில் ஒரு பாடம் நடத்தச் சொன்னார் பஞ்சாட்சரம். ஆறாம் வகுப்பு. இளவரசி நன்றாகவே நடத்தினாள். வேரின் வேலை என்ன என்று கேட்டதும் வகுப்பே கை தூக்கியது. கடைசி பெஞ்சையும் விட்டுவிடக் கூடாதென்று அங்கே ஒரு பெண்ணை எழுப்பினாள். அது திருதிருவென்று விழித்தது. பக்கத்துப் பையனும் அப்படியே. ஃபெயில் ஆன அன்றைக்கும் இதே கதைதான்.

அடுத்து வகுப்பாசிரியை மாதவி அதே கேள்வியைக் கேட்டார். மறுபடியும் எல்லாக் கையும் உயர்ந்தது. அவர் எழுப்பிய பிள்ளைகள் எல்லாம் கணீரென்று பதில் சொன்னார்கள்.

"பாத்தியாம்மா?" என்றார் பஞ்சாட்சரம்.

இளவரசி நேரே கடைசி பெஞ்சுப் பெண்ணிடம் போய், தெரியாவிட்டால் ஏன் கை தூக்கினாய் என்று கேட்டாள்.

"நான் எடது கைதான மிஸ் தூக்குனேன்? தெரிஞ்சா சோத்துக் கை, தெரியலன்னா எடது கை. மாதவி மிஸ் சொல்லிக்கீறாங்க."

பஞ்சாட்சரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆய்வுக்கு ஆள் வந்தால் வகுப்புக்கே பதில் தெரிந்த மாதிரி காட்டுகிற பழைய வித்தை. அவரும் செய்தவர்தான்.

"இத்தக்கூட இந்தப் பொண்ணுக்கு நீங்க சொல்லித் தரலியா டீச்சர்?"

"இதெல்லாம் தனியா சொல்லித் தர்றதா சார்? சாப்புடறப்ப பேச்சுவாக்குல சொல்றதுதான்..." மாதவி பாதியில் நிறுத்திக்கொண்டார்.

சோறு எங்கே சாப்பிட்டால் என்ன என்று கேட்ட மனிதர், இளவரசியின் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்தது. இத்தனை நாளில் அப்போதுதான் அவளுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

மாதவி கடிகாரத்தைப் பார்த்தார். "மணியாச்சு சார். ஸ்டாஃப் ரூம்ல உங்களுக்கு இலை போட்டாச்சு."

பஞ்சாட்சரம் எழுந்தார்.

"புகார்ல ஒண்ணும் இல்லம்மா. அடுத்த வருஷம் நல்லா ப்ராக்டிஸ் பண்ணிக்கினு வா."

சொல்லிவிட்டு, சாப்பிட உள்ளே போனார்.