சிவப்பு நூல் கட்டிய கடதாசி

"இதை அந்த மனிசியிட்டைக் கேளுங்கோ. என்ரை பிள்ளையின்ரை பேர் இதிலை என்னெண்டு வந்தது?"

ராசமலர் அந்தக் கடதாசிச் சுருளைப் பிளாஸ்டிக் பையோடு மேசையில் வைத்தாள். கணவர் சபாரத்தினம் நோர்வே மொழியில் எடுத்துச் சொன்னார். வழக்கமாகக் கதைக்கத் தொடங்கினால் நிப்பாட்டாத மனிசன், அன்றைக்குத் திக்கித் திக்கித்தான் சொன்னார்.

ஹவுகன்ஸ்டுவா அடுக்குமாடிக் குடியிருப்பாளர் கூட்டம் அது. எதிரே குன்வோர் இருந்தாள். ஓய்வுபெற்ற நூலகர், இரண்டாம் மாடி. நோர்வேக்குக் கிறிஸ்தவ வேதம் வருவதற்கு முந்திய வழிபாடு, மூலிகை, மந்திரம் எல்லாவற்றையும் கீழ்த்தளப் பொதுஅறையில் வியாழன்தோறும் பன்னிரண்டு பேருக்குச் சொல்லிக் கொடுக்கிறாளாம். சூனியக்காரி என்று தன்னைத் தானே சிரித்துக்கொண்டு சொல்லுவாள். வெட்கம் கெட்ட மனிசி!

அந்த அறையைக் கூட்டித் துடைப்பது ராசமலரின் வேலை. போன வெள்ளி காலை போனால், மூலையில் ஒரு கறுப்புச் சட்டி. சட்டியில் மண். மண்ணில் சிவப்பு நூல் கட்டிய கடதாசிச் சுருள்கள். ஒன்றின் வெளிப்பக்கத்தில் இங்கிலீசு எழுத்தில் 'அருட்செல்வம்'.

கதவில் முதல்நாள் வகுப்பின் பாடம் ஒட்டியிருந்தது. இறந்தவர்களுக்கு விடை கொடுத்தல்.

உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு! பெத்த வயிறு எரியுமா எரியாதா?

பிரித்துப் பார்க்க அவளுக்குப் பயம். செய்வினைக் கடதாசி, பிரித்தவரைப் பிடிக்கும். முதல்நாள் வியாழக்கிழமை ஓவர்டைம் செய்துவிட்டு வந்து படுத்திருந்த கணவரை எழுப்பிக் காட்டினாள். அவருக்கு முகம் வெளிறிவிட்டது. எறிந்துபோட்டு வேலையைப் பார் என்றார். சரியான பயந்தாங்கொள்ளி.

அருட்செல்வம் சமாதான காலத்தில் வன்னி ஆஸ்பத்திரியில் வேலை செய்யப் போனவன். சண்டைக்குள் அகப்பட்டான். இந்த மே மாதத்தோடு தொடர்பில்லை. ஏதோ ஒரு முகாமில் இருக்கிறான், பேர் இன்னும் பதியவில்லை, அவ்வளவுதான் என்பாள் ராசமலர். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலில் அவன் பேருக்கு அர்ச்சனை. தபால்பெட்டியிலிருந்து அவன் பேரை எடுக்கவும் விடவில்லை. அதைப் பார்த்துத்தான் இந்தக் குன்வோர் எழுதியிருக்கிறாள்.

ஆடி மாதம் சொந்தக்காரர் ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அவன் இல்லையெண்டு சொல்லுறதெண்டால், எனக்குக் கொள்ளி வைச்சிட்டுச் சொல்லுங்கோ" என்றாள். பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

எழுதியது யார் என்று கூட்டத்தலைவர் கேட்டார். என் வகுப்பில் நடந்தது, நானே பொறுப்பு என்றாள் குன்வோர். தலைவர் நூலை அவிழ்க்கப் போனார். அவள் பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள்.

"பிரிக்காதீர்கள். அறையை நாளைக்கே விட்டுவிடுகிறேன். இதை மட்டும் பிரிக்காதீர்கள்."

சபாரத்தினம் அதை மொழிபெயர்க்கவில்லை. ராசமலருக்கு அந்தளவு நோர்வே மொழி விளங்கும். அதற்குமேல் சாட்சி எதற்கு? வகுப்பை நிறுத்தச் சொல்லி எல்லாரும் கை உயர்த்தினார்கள். ஆறு வருசமாய் ஒவ்வொரு ஆளாகச் சேர்த்த வகுப்பு பத்து நிமிசத்தில் போனது. குன்வோர் எழுந்து வந்தாள். சுருளை எடுத்துச் சபாரத்தினத்தின் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை மூடிவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் எரிக்கவேண்டும் என்று நின்றாள் ராசமலர். தானே எரிக்கிறேன் என்று சபாரத்தினம் அவசரமாக அடுப்பைப் பற்றவைத்தார்.

"பொறுங்கோ. பிள்ளையின்ரை பேரோடையே எரிக்கிறது? விசரே உங்களுக்கு?"

சுருளைப் பறித்தாள். பேர் இருக்கிற துண்டை வெட்டிச் சாமிப்படத்தடியில் வைத்துவிட்டு மிச்சத்தை எரிக்கலாம். செய்வினை தன்னைப் பிடித்தால் பிடிக்கட்டும். கத்தரிக்கோலால் நூலை வெட்டினாள்.

"வேண்டாம், மலர்" என்றார் சபாரத்தினம்.

சுருள் விரிந்தது. உள்ளே தமிழ். முப்பது வருசமாய் அவளுக்குப் பழக்கமான சாய்ந்த எழுத்து.

'என்ரை ராசா, மே பதினாலு நீ போனதெண்டு உன்னைக் குழி வெட்டித் தாட்ட பெடியன் சொன்னவன். கோயிலிலை செய்தால் அம்மாவுக்குத் தெரிஞ்சிடும், அவ தாங்கமாட்டா. அதாலைதான் வியாழக்கிழமையளிலை இவையளிட்டை வாறனான். போட்டு வா, ராசா. அப்பா.'