ஐந்நூற்றுப் பன்னிரண்டு சவ்வுகள்

திரையில் கட்டங்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. சவ்வுகள் கிழியாமல் இருக்கின்றன.

ஐந்நூற்றுப் பன்னிரண்டு குழிகள். ஒவ்வொரு குழியின் வாயிலும் கொழுப்பாலான ஒரு மெல்லிய சவ்வு. சவ்வின் நடுவே ஒரே ஒரு துளை. டிஎன்ஏ இழை அதற்குள் நுழையும்போது மின்னோட்டம் மாறும். அந்த மாற்றத்தைக் கருவி எழுத்துகளாகப் படிக்கும்.

தங்கை மணிமொழியின் ரத்தத்திலிருந்து பிரித்த டிஎன்ஏவை அவள் கடைசிச் சொட்டு வரை உள்ளே விட்டாள்.

மணிமொழி அவளுக்குப் பதினொரு நிமிடம் இளையவள். ஒரே கரு இரண்டானவர்கள்.

நாற்பத்து நான்கு வயதில் அப்பாவால் விழுங்க முடியாமல் போனது. மரபணுவழி வரும் அந்த நோய் பிள்ளைகளுக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. இவர்கள் இருவருக்கும் அது தனித்தனி இல்லை. ஒருத்திக்கு உண்டென்றால் இன்னொருத்திக்கும் உண்டு.

மணிமொழிக்குத் தெரிந்தாக வேண்டும். ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளையிடம் மறைக்க மாட்டாள்.

அக்காவான அவளுக்கோ தெரியவே வேண்டாம்.

"நீ ரிப்போர்ட்டைப் பாக்காதடி. நேரா டாக்டர்கிட்ட குடுத்துடு" என்று மணிமொழி சொல்லியிருந்தாள்.

ரிப்போர்ட்டைப் பார்க்காமல் இருந்துவிடலாம்.

மணிமொழியின் முகத்தை?

அந்த ஆய்வகத்தில் இந்தக் கருவியை ஓட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

இழைகள் துளைகளுக்குள் நுழையத் தொடங்கின.

மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் போதும். சவ்வு தாங்காது.

கூட்டினாள்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு மூலையில் பச்சை கறுத்தது. பக்கத்தில் இன்னொன்று. திரை முழுக்கக் கறுத்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

மணிமொழி வெளியே காத்திருந்தாள்.

"சவ்வெல்லாம் கிழிஞ்சிடுச்சு. ரிசல்ட் வராது."

மணிமொழி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்படி என்று கேட்கவில்லை. கோபமும் இல்லை. ரத்தம் எடுக்கும் நாற்காலியில் போய் உட்கார்ந்து கையை நீட்டினாள். போன வாரம் ஊசி போட்ட இடம் இன்னும் கன்றியிருந்தது.

"இன்னொரு தடவ எடு. அதுவும் போனா, அடுத்த வாரம் வர்றேன்."

அவள் ரப்பர் பட்டையை எடுத்தாள். கன்றிய இடத்தில் விரல் பட்டதும் மணிமொழி பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனால் கையை இழுக்கவில்லை.



பிறகு அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். பட்டையின் ஒரு முனையைப் பல்லால் கவ்வி இழுத்து, தன் கையில் கட்டிக்கொண்டாள்.