கண்ணாடியின் உயரம்

"அப்பா போய் ஆறு வருஷமாச்சு. தனி ஆளுக்கு எதுக்கும்மா டவல் கம்பி ரெண்டு? இருக்கற பாத்ரூமே கையகலம்!" வெளியூரிலிருந்து வந்து இறங்கிய மகன் எகிறினான்.

"எனக்கு வேணும். நீங்க மாட்டுங்க மேஸ்திரி," என்றாள் அம்மா.

வாஷ்பேசினை மூலைக்குத் தள்ளி, ஸ்லைடிங் கதவு போட்டு, எப்படியோ இடம் பண்ணியிருந்த மேஸ்திரி இரண்டு கம்பிகளையும் மாட்டினார். அடுத்தது கண்ணாடி.

"இன்னும் மேல... உங்க முகம் தெரியுதா? அங்கயே குறி போடுங்க," என்றாள் அம்மா.

மகனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அது மேஸ்திரி உசரம்மா! உனக்கு உச்சந்தலைதான் தெரியும். சாயங்காலம் அவரு கெளம்பிடுவாரு. அப்புறம் அதுல யாரு முகம் பாக்கறது?"

"அவரு கெளம்பமாட்டாரு."

"என்னது?"

அம்மா ஈரக்கையை நிதானமாகத் துடைத்துக்கொண்டாள். "போன வாரம் ரிஜிஸ்தர் ஆபீஸ்ல எங்க கல்யாணம் முடிஞ்சுது. உன்னைக் கேட்டா நீ குதிப்பேன்னு தெரியும், அதான் கேக்கல. இப்ப சொல்றேன்."

மகன் இரண்டு டவல் கம்பிகளையும் மாறி மாறிப் பார்த்தான்.

மேஸ்திரி பென்சிலைக் காதில் செருகினார். "தம்பி சொல்றதும் சரிதான். உனக்கும் தெரியணும்ல? கொஞ்சம் எறக்கட்டுமா?"

"ஒரு இன்ச் எறக்கக் கூடாது. இதைவிடப் பெரிய கண்ணாடியா வாங்கிட்டு வாங்க," என்றாள் அம்மா, மகனைப் பார்த்தபடியே. "ரெண்டு பேரும் தெரியட்டும்!"