அரைப் பங்கு

சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்த சிவபாதம் மூடியைக் கையில் பிடித்தபடியே இருந்தார். உள்ளே கோழிப் பொரியல். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக!

"பாத்தியே கௌசி, இஞ்சையே தொடங்கிட்டாங்கள்."

"சும்மா மாறி வந்திருக்கும் அங்கிள். வேறை கேட்டு எடுத்துத் தாறன்."

"எப்பிடி மாறும்? காலமை வந்த உடனை சாப்பாட்டுப் போமிலை மரக்கறி எண்டு வடிவா அடையாளம் போட்டுக் குடுத்தனான். யாழ்ப்பாணத்திலை அரசாங்கக் கந்தோரிலை பத்து வருசம் போம் நிரப்பினவன். என்னட்டைப் பிழை வருமே?"

கௌசி பெட்டியை வாங்கி மூடி ஒரு பக்கம் வைத்தாள். வெக்ஸ்போர்ட் றக்பி கிளப்புக்கு அவர் தலைவர், அவள் செயலாளர். றக்பிப் பந்து ஏன் உருண்டையாக இல்லை என்று சிவபாதம் இன்றைக்கும் கேட்பார். ஆனால் கடை கடையாய் ஏறி இறங்கிக் காசு சேர்த்து அந்தக் கிளப்பை நிமிர்த்தினவரும் அவர்தான்.

இந்த வருஷம் கிளப் இரண்டாம் பிரிவில் வென்று முதலாம் பிரிவுக்கு ஏறிவிட்டது. ஏறின பிறகுதான் வினை தெரிந்தது. லீக்கின் ரிவி ஒளிபரப்பு வருமானத்தில் பழைய ஏழு கிளப்புக்கும் முழுப் பங்கு, புதிதாக ஏறி வருகிற கிளப்புக்கு இரண்டு வருஷத்துக்கு அரைப் பங்கு. அதே மைதானம், அதே அடி உதை, காசு மட்டும் பாதி. என்ன நியாயமோ!

அரைப் பங்குதான் என்றால் ஒன்பது விளையாட்டுக்காரரை நிற்பாட்ட வேண்டும். கப்டன் நிதுசனும் அதில் ஒருவன். நல்ல வேலையை விட்டுவிட்டு முழுநேரம் விளையாட வந்தவன், மனைவிக்கு இப்போது எட்டு மாதம்.

அந்த விதியை மாற்றத்தான் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் இன்றைக்கு இரகசிய வாக்கெடுப்பு. எட்டுக் கிளப், எட்டு வாக்கு. ஐந்து விழுந்தால் முழுப் பங்கு. நாலு கிளப்புக்காரர் ஆதரவு தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஐந்தாவது வெக்ஸ்போர்டின் சொந்த வாக்கு.

அந்த நாலு பேரில் ஒருவர் ரெக்ஸ்டேல் கிளப்பின் இராஜரட்ணம். எதிர் மேசையில் இருந்த அவரைச் சிவபாதம் கண் இமைக்காமல் பார்த்தார்.

"உவனிலைதான் எனக்கு நம்பிக்கை இல்லை," என்று குசுகுசுத்தார். "உவன்ரை கிளப்பும் மூண்டு வருசத்துக்கு முன்னம் அரைப் பங்கோடைதான் ஏறினது. தான் பட்டினி கிடந்தவன் எங்களை மட்டும் வயிறு நிறையத் தின்ன விடுவானே?"

"வின்ரர் குளிருக்கை எங்கட பெடியளுக்குக் காசு வாங்காமல் கிரவுண்ட் தந்தவர் அங்கிள்."

"உது ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுத கதை."

லீக் தலைவி எழுந்து வாக்குத் துண்டைத் தூக்கிக் காட்டி, எப்படி நிரப்புவது என்று விளக்கினார். அதில் 'யெஸ்', 'நோ' என்று இரண்டு கட்டங்கள், விரும்புகிற கட்டத்தில் பெருக்கல் குறி போட வேண்டும். சிவபாதம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இராஜரட்ணம் பக்கத்து ஆளின் காதுக்குள் எதையோ சொல்லிச் சிரிக்க, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துண்டு கைக்கு வந்ததும் கௌசிக்கும் காட்டாமல் உள்ளங்கையால் மறைத்துக் குறித்தார். நாலாய் மடித்துப் பெட்டிக்குள் போட்டார்.

எண்ணினார்கள். நாலுக்கு நாலு. தீர்மானம் தோற்றுவிட்டது. எட்டுக் கிளப்பும் முடிவுக்குக் கையெழுத்து வைத்தாயிற்று, இனி இரண்டு வருஷத்துக்கு இந்தப் பேச்சே எடுக்க முடியாது.

கௌசியின் ஃபோனில் நிதுசனின் மெசேஜ் வந்து விழுந்தது. 'அக்கா, கிடைச்சதோ?' அவள் ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். அழுகை வந்துவிட்டது.

சிவபாதத்துக்கு வந்தது அழுகை இல்லை. கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்.

"ஐசே இராஜரட்ணம்! எங்கட ஆள் எண்டு நம்பினன். முதுகிலை குத்திப்போட்டீரே!"

இராஜரட்ணத்தின் முகம் கறுத்தது.

"அம்மாளாணை, நான் யெஸ்ஸுக்குத்தான் போட்டனான் அண்ணை. இத்தனை பேருக்கு முன்னாலை என்னைக் கள்ளனாக்கிப் போட்டியள். இனி உங்கட பெடியள் எங்கட கிரவுண்ட் பக்கம் வரத் தேவையில்லை."

"பிடிபட்டவுடனை கோவம் வருகுது, என்ன?"

"அங்கிள், பிளீஸ்," என்று கௌசி அவருடைய கையைப் பிடித்து இழுத்தாள். அவர் உதறிவிட்டார்.

தலைவி குறுக்கே வந்தார். முடிவை மாற்ற முடியாது, ஆனால் சந்தேகம் இருந்தால் துண்டுகளை வந்து பார்க்கலாம் என்றார். மேசையில் இரண்டு குவியல் இருந்தது.

சிவபாதம் விறுவிறென்று போய் 'நோ' குவியலைக் கையில் எடுத்தார். ஒன்றைப் புரட்டினார், இரண்டைப் புரட்டினார். மூன்றாவது துண்டில் கண் நிலைத்து நின்றது. பிறகு முகமெல்லாம் மலர்ந்து, அந்தத் துண்டை எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தார்.

"பிடிச்சிட்டன்! என்ரை துண்டை ஆரோ களவாய் உதுக்குள்ளை போட்டிருக்கினம். இஞ்சை பார் கௌசி, அந்த 'நோ'வை நான் எவ்வளவு வடிவா வெட்டிவிட்டிருக்கிறன்!"