இரண்டாம் பாகத்துக்கு ஓர் அறிவித்தல்

தேவாலயத்தில் சுவாமியார் என் பெயரைச் சிங்களத்தில் வாசித்தபோது ரொனி என் பக்கத்தில்தான் இருந்தான்.

லூக்காஸின் விதவை ஐரினும் அமலதாஸும் மணம் முடிக்க இருக்கிறார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கவும்.

எனக்குத் தெரிந்த ஒரே தடை என் மகன் ரொனிதான். அவன் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

சிங்களப் பூசைக்குக் கூட்டிவந்தால் தப்பலாம் என்று நினைத்தது நான்தான். கல்யாண அறிவித்தலை எல்லாப் பூசையிலும் வாசிப்பார்கள் என்று, தமிழ்ப் பூசையைத் தவிர வேறெதற்கும் போகாத எனக்கு யார் சொன்னார்கள்?

லூக்காஸ் போய் எட்டு வருஷம். போன வாரம் சாப்பாட்டு மேசையில் மகனிடம் மெல்ல ஆழம் பார்த்தேன். அவனுக்குப் பிடித்த படத்தின் இரண்டாம் பாகம் வந்திருந்தது. முடிந்த கதைக்கு இன்னொரு பாகம் எடுக்கலாமா என்று கேட்டேன்.

பருப்பைப் பிசைந்தபடியே பிரசங்கம் பண்ணினான். அழகாக முடிந்த கதையாம். கதாநாயகனே செத்த பிறகு என்ன இருக்கிறதாம். எல்லாம் பேராசையாம்.

அதோடு கல்யாணப் பேச்சை எடுக்காமலே தட்டைக் கழுவப் போனேன்.

பூசை முடிந்ததும் அந்தப் படத்துக்குத்தான் போவதாக இருந்தோம். பார்த்துவிட்டுத் திட்டினால்தான் அவனுக்கு மனசாறும். வாவிக் கரையோரமாக அவன் முன்னே நடந்தான், நான் பின்னே.

அவன் வேண்டாம் என்றால் கல்யாணத்தை நிறுத்திவிடுவேன். அமலதாஸிடம் அப்படித்தான் சொல்லியிருந்தேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன்.

தியேட்டர் வாசலில் அமலதாஸ் நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. கையில் மூன்று டிக்கட்.

நான் அவரை வரச்சொல்லவே இல்லை.

"அங்கிள் போன மாசமே வந்து எங்கிட்டக் கேட்டுட்டாரு," என்றான் ரொனி. "நீங்களா எப்ப சொல்வீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு நான் திட்டினது படத்தத்தாம்மா."

அமலதாஸ் தரையைப் பார்த்தார். இரண்டு பேரையும் அங்கேயே நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது. அப்பாடா என்றும் இருந்தது.

படம், ரொனி சொன்னதைவிட மோசம். அரை மணியில் அமலதாஸ் நித்திரை. ரொனி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தான்.

சாவு வீட்டுக் காட்சியில் தியேட்டரே கப்சிப். இரண்டு பேருக்கும் நடுவில் நான் மட்டும் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தேன்.