மந்திரித்த கயிறு

"தம்பிகிட்ட இருந்து எலும்பு மஜ்ஜை எடுக்க முடியாதும்மா. மருந்தையே தொடர்ந்து பார்ப்போம்" என்றார் டாக்டர். ரத்தப் புற்றுநோயோடு படுத்திருந்த மரகதம், அருகில் நின்ற குணசீலனைப் பார்த்தாள். அவனுடைய மஜ்ஜை முழுதாகப் பொருந்தியிருந்தது. ஊசி என்றால் பயம், மஜ்ஜை தர முடியாது, அக்காவிடம் மட்டும் அதைச் சொல்லிவிடாதீர்கள் என்று காலையில் டாக்டரைத் தனியே பார்த்துக் கெஞ்சியிருந்தான்.

டாக்டர் நகர்ந்ததும், "ஏன்டா, உன் உடம்புக்கு என்ன? எங்கிட்ட மறைக்காத" என்றாள்.

நோய் தீரக் கோயிலில் மந்திரித்துத் தன் மணிக்கட்டில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றை அவள் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

"கையக் குடு."

கொடுத்தான். அவன் மணிக்கட்டில் முடிச்சைப் போட்டவள், அவன் முகத்தைப் பார்த்துப் பதறினாள்.

"இறுக்கிட்டேனா? வலிக்குதாடா?"